பெயர் கேட்காத வார்டு

நன்றாகத் தூங்கும் நோயாளியைக் கண்டால் எனக்கு இன்றும் சந்தேகம். இந்தத் தூக்கம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று மனம் குடையத் தொடங்கிவிடும். பஸ்ஸில் எதிர் இருக்கையில் வாய் பிளந்து உறங்குகிற மனிதரின் மூச்சைக்கூட எண்ணிவிடுகிறேன். நிமிடத்துக்குப் பதினாறு, பதினெட்டு என்று வந்தால்தான் கண்ணை எடுத்து வெளியே பார்ப்பேன். ஐம்பது தாண்டியதும் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்தாயிற்று. வேலை என்னை விட்டதாகத் தெரியவில்லை.

போன மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு இளம் நர்ஸ்கள் பாறசாலையில் என் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே புதிய ஏற்பாடாம். நோயாளியின் பெயரைப் பிளாஸ்திரியில் எழுதி மணிக்கட்டில் சுற்ற வேண்டும். மருந்து கொடுக்கும் முன் அதைப் படிக்க வேண்டும். அவரையும் வாய் திறந்து பெயர் சொல்ல வைக்க வேண்டும். அதில் ஒருத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நாலு நாளாட்டு கண்டோண்டு இருக்க ஆளிட்ட போயி பேரு என்னண்ணு கேட்டா, சிஸ்டருக்கு மறதி தீனமாண்ணு கேக்கியாவ அக்கா."

மறதி என்ற சொல் என் நெஞ்சில் எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. தேயிலை போட்டுக் கொடுத்தேன். இதெல்லாம் அவசியமா அக்கா என்று கேட்டார்கள். அவசியம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அவர்கள் படியிறங்கிப் போன பிறகு, சொல்லாமல் விட்டது வாசலருகே நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது. அதைத்தான் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திருப்புறத்தில் சபைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிப் பயிற்சி. மூன்று வருடம் ஊசிகளைக் கொதிக்க வைத்தேன், படுக்கை விரிப்பின் மூலைகளை மடித்தேன், அழுகையை முந்தானைக்குள் அடக்கக் கற்றேன். இருபது வயதில் வெள்ளைத் தொப்பி வைத்தார்கள். சாலையோரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே மேட்ரன் ஏலியாம்மாவின் கையில் போய் விழுந்தேன்.

மேட்ரனம்மா வடக்கே, கோட்டயம் பக்கத்துக்காரர். குள்ளம். கஞ்சி போட்ட தொப்பி அவரைவிட நேராக நிற்கும். கோபம் வந்தால் குரல் தாழும். எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு பெரிய பிழை என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்வோம். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். நம் கைகளைத்தான் பார்ப்பார். பொய் முதலில் கைக்கு வரும், அப்புறம்தான் வாய்க்கு என்பது அவர் நம்பிக்கை போலும்.

மார்பியா கொடுக்கிற முறையை அவர் ஒரு வழிபாடு மாதிரி வைத்திருந்தார். அன்று அது பொடிப் பொடி மாத்திரையாக, மெல்லிய கண்ணாடிக் குழாயில் வரும். அலமாரிக்கு இரண்டு பூட்டு. வெளிப் பூட்டுச் சாவி வார்டு நர்ஸிடம், உள் பூட்டுச் சாவி மேட்ரனிடம். இரண்டு பேரும் இல்லாமல் கதவு திறக்காது. குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அதில் எழுதியிருப்பதை உரக்கப் படிக்க வேண்டும். கரண்டியில் கொதித்த தண்ணீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடரில் காட்டி, இடுக்கியால் மாத்திரையைப் போடும்போது மறுபடி படிக்க வேண்டும். கரைந்ததை ஊசிக்குழலில் இழுத்துவிட்டுக் குழாயைத் திரும்ப வைக்கும்போது மூன்றாம் தடவை. பிறகு பதிவேட்டில் நேரம், அளவு, ஆள், ஒப்பு.

அதோடு முடியாது. கட்டிலருகே போய் நின்றால், நீங்கள் இன்னார்தானே என்று கேட்கக் கூடாது. உடம்பு முடியாதவன் எதற்கும் தலையாட்டுவான். பெயர் என்ன என்று கேட்க வேண்டும். அது அவன் வாயிலிருந்து வர வேண்டும். வந்த பிறகுதான் ஊசி தோலைத் தொடலாம். பொய் சொல்வதை மேட்ரனம்மா கள்ளம் பறைவது என்பார்.

"மருந்து கள்ளம் பறயாது மோளே. நம்மட கண்ணாக்கும் கள்ளம் பறயும்."

இப்படிப்பட்ட அவர்தான் அந்த முறையை ஒரு நாள் நிறுத்தினார்.

எல்லைப் போராட்டம் முற்றியிருந்த வருடங்கள். திருவிதாங்கூரின் தமிழ் பேசுகிற தென்தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு போகுமா, எங்கள் நெய்யாற்றின்கரை எந்தப் பக்கம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கோடு இன்னும் விழவில்லை. ஆனால் எல்லோரும் ஒருவர் முகத்தில் ஒருவர் கோடு தேடினார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற பாஷையை வைத்து ஆளை எடை போட்டார்கள். தேயிலைக்கடையில் எந்தப் பத்திரிகையை முதலில் எடுக்கிறான் என்று பார்த்தார்கள். எனக்கு இரண்டு பாஷையும் ஒரே வாயில் ஓடும்; ஆகவே இரண்டு கூட்டத்துக்கும் என்மேல் நம்பிக்கையில்லை. நானும் யாரையும் நம்பவில்லை. கேள்வி கேட்கிறவன் போலீஸ் ஆள், கேட்காமல் சும்மா இருக்கிறவன் அவனைவிடப் பெரிய போலீஸ் ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

தெற்கே ஊர்வலங்களில் தடியடி பட்டவர்கள் வயல் வழியாக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அங்குள்ள ஆஸ்பத்திரிகளைப் போலீஸ் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் பொய்ப் பெயர் கொடுப்பார்கள். தென்னையிலிருந்து விழுந்தேன் என்பார்கள். தென்னையிலிருந்து விழுந்தவனுக்கு முதுகில் பட்டை பட்டையாகத் தழும்பு எப்படி வரும் என்று நாங்கள் கேட்பதில்லை.

ஒரு நாள் கமலம் என்ற நர்ஸ், விதிப்படி ஒருவரிடம் பெயர் கேட்டாள். காய்ச்சல் வேகத்தில் அவர் தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டார். கட்டிலில் தொங்கிய சீட்டில் இருந்தது வேறு. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்திருந்த ஒருவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் காலை போலீஸ் வந்து, தையல் பிரிக்காத தலையோடு அவரைக் கொண்டுபோனது. கமலம் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

அன்று மேட்ரனம்மா எங்களைத் துணி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஆண்கள் வார்டில் இனிமேல் வாய்விட்டுப் பெயர் கேட்க வேண்டாம். கட்டில் நம்பர் போதும். சீட்டு கட்டிலில் தொங்குகிறதே, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் சொன்னார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

ஏன் செய்தார்? இரக்கம் என்றாள் ஒருத்தி. வடக்கத்திக்காரிக்குத் தமிழன்மேல் என்ன இரக்கம், போலீஸ் உள்ளே வந்தால் ஆஸ்பத்திரிக்கு மானக்கேடு, அதுதான் என்றாள் இன்னொருத்தி. ராத்திரி உட்கார்ந்து அவரே உண்மைப் பெயர்களை எழுதி வைக்கிறார் என்றுகூட ஒரு பேச்சு இருந்தது. நான் மூன்றையும் நம்பினேன், கிழமைக்கு ஒன்றாக.

அந்த நாளுக்கு வருகிறேன்.

கடையடைப்பு. பஸ் ஓடவில்லை. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து வர வேண்டிய கமலம் வந்து சேரவில்லை. பெண்கள் வார்டில் இருந்த என்னை மத்தியானம் இரண்டு மணிக்கு ஆண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. வாசலில் காவல்காரர் என்னை நிறுத்திக் காதோடு சொன்னார்.

"சிஸ்டரே, வெள்ளச் சட்ட போட்ட ஒருத்தன் காலத்தே தொட்டு உள்ள நிக்கியான். ஆருக்க ஆளுண்ணு தெரியல்ல. வாயத் தொறக்காதயும்."

அந்த வெள்ளைச் சட்டை யாரென்று கடைசிவரை தெரியவில்லை. யாரோ ஒருவருடைய மைத்துனனாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அதன்பின் வார்டில் நான் பார்த்ததெல்லாம் அந்த ஒரு சட்டையைத்தான்.

ஆறாம் நம்பர் கட்டில் சாலையைப் பார்த்த சன்னலோரம். சீட்டில் சாமுவேல் என்று இருந்தது. இடது தோளெலும்பும் இரண்டு விலாவும் முறிவு. நான்கு மணிக்கு மார்பியா கால் கிரெயின். ஒன்பதாம் நம்பர் உள்சுவரோரம். தங்கையன், காரோடு, கூலிவேலை, இழுப்பு நோய். காலையில் ஊசி போட்டாயிற்று. மூச்சுக்குத் திணறுகிறவனுக்கு மார்பியா எமன் என்பது முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிற பாடம்; அது மூச்சை இன்னும் அடக்கிவிடும்.

எனக்குத் தெரியாதது ஒன்று. நான் வருவதற்குச் சற்று முன் அவர்கள் இருவரும் கட்டில் மாறிக்கொண்டார்கள். சாமுவேலுக்குச் சாலையில் போகிறவர்கள் கண்ணில் படப் பயம். தங்கையனுக்குக் காற்று வேண்டும். ஆள்கள் மாறினார்கள், சீட்டுகள் தொங்கிய இடத்திலேயே தொங்கின.

நான்கு மணி. மேட்ரனம்மா வந்து உள்பூட்டைத் திறந்தார். மூன்று தடவை படித்தேன். மருந்தில் ஒரு அணுப் பிழையில்லை. அவர் தலையசைத்துவிட்டு ஆபரேஷன் அறைக்குப் போனார். தட்டை எடுத்துக்கொண்டு ஆறாம் கட்டிலுக்கு வந்தேன்.

கழுத்துவரை போர்வை போர்த்தி, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் குனிந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூச்சைத் துண்டு துண்டாக இழுத்தார். விலா முறிந்தவனும் இப்படித்தான் இழுப்பான் என்று நினைத்தேன். போர்வைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தேன். முறிந்தது இடது தோள். இன்னும் ஒரு சாண் போர்வை விலகியிருந்தால் கட்டில்லாத தோளைப் பார்த்திருப்பேன். விலக்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தினார்.

"இது எனக்குள்ளதாக்குமா சிஸ்டரே? காலத்தே ஒண்ணு போட்டாச்சே."

அவர் கேட்டார். முப்பது வருடமாக நான் உருட்டிக்கொண்டிருப்பது இதைத்தான். நான் கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை, அவர் கேட்டார். எனக்கோ முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை. இந்த மனுஷன் இப்படி உரக்கப் பேசிக் காட்டிக்கொடுத்துக்கொள்கிறாரே என்று பதற்றம். குனிந்து, ரகசியமாக, அன்பாகத்தான் சொன்னேன்.

"பேசாதயும். நீரு ஆருண்ணு எனக்குத் தெரியும்."

அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். சிரித்தார். கையை நீட்டினார்.

பதிவேட்டில் சாமுவேல் என்று எழுதி ஒப்புப் போட்டேன். கால்மணி நேரத்தில் தங்கையனின் மனைவி பொன்னம்மா கஞ்சிப் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். நான் அந்தப் பக்கம் போகும்போது, எழுப்பிவிடாதே என்பது போல விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

"மூணு நாளைக்குப் பொறவு ஒறங்குதாரு சிஸ்டரே."

நானும் சிரித்தேன். யார் யாருக்குத் துணை என்று அந்தப் புது வார்டில் எனக்கென்ன தெரியும். சாமுவேலின் மனைவி என்று நினைத்துக்கொண்டேன்.

நாலரை மணிக்கு ஒன்பதாம் கட்டிலிலிருந்து ஒரு குரல், பல்லைக் கடித்துக்கொண்டு: "சிஸ்டரே, எனக்க ஊசி இன்னும் வரல்லியே."

அவர் இடது தோளில் கட்டு இருந்தது.

நான் ஓடியது எனக்கு ஞாபகமில்லை. ஆறாம் கட்டிலில் இமையைத் தூக்கியது ஞாபகம் இருக்கிறது. கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. மூச்சு நிமிடத்துக்கு ஆறு. பிறகு ஐந்து. மேட்ரனம்மா வந்தார், டாக்டர் வந்தார், மூச்சைத் தூண்டுகிற ஊசி போட்டார்கள். அவருடைய இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, நெஞ்சில் அமர்த்தி, மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் அவருக்காக நாங்கள் மூச்சு விட்டோம். வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்தது.

பொன்னம்மாவிடம் மேட்ரனம்மாதான் சொன்னார். இழுப்பு முற்றிவிட்டது, எங்களால் ஆனது செய்தோம் என்று. அவர் பின்னால் ஸ்பிரிட் பஞ்சைக் கசக்கிக்கொண்டு நான் நின்றேன்.

பிறகு துணி அறை. கதவு சாத்தியாயிற்று.

"நீ பேரு கேட்டோ?"

"கேக்கண்டாம்ணு நீங்கதானே சொன்னிய."

என் கைகளைப் பார்த்தார். "சொன்னது நான் தன்னே. கேக்காத குத்தியது நீயாணு. ரெண்டும் ரெண்டு. ஒண்ணு கொண்டு மற்றதை மறைக்கப் பாக்காதே," என்றார். அதைவிடச் சரியாக இந்த விஷயத்தை யாரும் சொன்னதில்லை. ஆனால் விசாரணையில் அவர் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் விடியும்போது ஒன்பதாம் கட்டில் காலி. விரிப்புகூட மாற்றியாயிற்று. மேட்ரனம்மா சாமுவேலைக் காப்பாற்ற அனுப்பினாரா, தன்னைக் காப்பாற்ற அனுப்பினாரா? அன்றைக்கும் கேட்டுக்கொண்டேன், இன்றைக்கும் கேட்கிறேன்.

இரண்டே நாளில் சேதி சாலையேறிவிட்டது. தமிழன் என்று தெரிந்து விஷ ஊசி போட்டுவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் வாசலில் கத்தியது. செத்தவன் போலீஸ் ஒற்றன், அதனால்தான் தமிழ் நர்ஸ் தீர்த்துக்கட்டினாள் என்று இன்னொரு பேச்சு. தங்கையன் எந்தக் கட்சிக்கும் ஒரு நாள்கூடக் கொடி பிடித்தவரில்லை. இரண்டு பொய்களும் அவ்வளவு உரக்க இருந்ததால், உண்மையில் போட்ட ஊசியை வெளியே யாரும் தேடவில்லை.

விசாரணைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு டாக்டரும் குமாஸ்தாவும் வந்தார்கள். கதவடைத்த அறை. மூலையில் ஒரு சப் இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: பதிவேட்டில் இருக்கிற சாமுவேல் எங்கே? சொந்த விருப்பத்தில் போய்விட்டார், ஒப்பு இருக்கிறது என்று மேட்ரனம்மா காகிதத்தை நீட்டினார். தோள் முறிந்தவன் நான்காம் நாளே நடந்து போய்விட்டானா என்று அவர் முகம் கேட்டது. வாய் கேட்கவில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். பெயர் கேட்டாயா? இல்லை. ஏன்?

நான் உண்மையைச் சொன்னால், ஆண்கள் வார்டில் அந்தக் கணம் பொய்ப் பெயரில் படுத்திருந்த நான்கு பேரும் சாயங்காலத்துக்குள் லாக்கப்பில் இருப்பார்கள். மேட்ரனம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தார். முதல் தடவையாக என் கைகளைப் பார்க்கவில்லை.

"மறந்துவிட்டேன்" என்றேன்.

என் வேலைக் காலத்தில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அது. கவனக்குறைவு என்று எழுதினார்கள். ஆறு மாதம் வேலையில்லை. அதுவும் அந்தக் கதவுக்குள்ளேயே கோப்பாகி முடிந்தது. மறுநாளே மேட்ரனம்மா பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தார். கட்டிலெல்லாம் பெயர் கேட்கும் சத்தம். புதிதாக வந்த பெண்களுக்கு அதற்குச் சொன்ன காரணம், என் பெயரைச் சொல்லி, கிரேஸ் என்று ஒரு மறதிக்காரி இருந்தாள் என்பது. ஒரு நல்ல முறை எப்படி நல்ல எண்ணத்தாலேயே கழன்று போயிற்று என்று யாருக்கும் தெரியாமல் போனது. பழியை முழுவதுமாக நானே எடுத்துக்கொண்டேன் என்று சில காலம் எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. முழுப் பழியும் ஒரு போர்வைதான் என்று தெரிய நாளாயிற்று. அதற்குள்ளும் பார்க்க வேண்டியது மறைந்துதான் கிடந்தது.

பிறகு கோடு விழுந்தது. விளவங்கோடு அங்கே போயிற்று, நாங்கள் இங்கே நின்றோம். பிடிபட்டவர்கள் வெளியே வந்தார்கள். ஒளிந்தவர்கள் சொந்தப் பெயரில் கல்யாணப் பத்திரிகை அடித்தார்கள். மேட்ரனம்மா ஓய்வு பெற்று வடக்கே போய்விட்டார். மறைத்ததற்கு இருந்த காரணம் போய்விட்டது. அதற்கப்புறமும் மூன்று வருடம் மறைத்தேன். அந்த மூன்று வருடத்துக்கு என்னிடம் எந்த நல்ல காரணமும் இல்லை. வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் பெண்கள் வார்டில் காரோட்டிலிருந்து வந்த ஒரு அம்மாளுக்குப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். சன்னலைச் சாத்தச் சொன்னார். ஏன் என்றேன்.

"எங்க ஊருல ஒருத்தி உண்டு. சன்னல்காரிண்ணாக்கும் சொல்லுவாவ. ஆசுபத்திரியில கெஞ்சிக் கேட்டு, கெட்டினவன சன்னல்கிட்ட கொண்டு கெடத்தி, குளுந்த காத்து நெஞ்சில அடிச்சுல்லா அவன் போனான். கொழுந்தன் வீட்டுல ஏத்தல்ல. மலையோரம் ஒரு ஓலப் பெரையில கெடக்கியா."

என் கையில் துணிச் சுருள் நின்றுவிட்டது. அப்படியென்றால் கட்டில் மாறச் சொல்லிக் கெஞ்சியது பொன்னம்மா. இத்தனை வருடம், காற்றுதான் கொன்றது, அந்தக் காற்றை நான்தான் கேட்டு வாங்கினேன் என்று ஒருத்தி நம்பிக்கொண்டு இருக்கிறாள். நான் மறந்துவிட்டேன் என்று சொன்னதில் மிச்சமான பழி எங்கே போயிற்று என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த விடுமுறையில் காரோட்டுக்குப் போனேன். பொன்னம்மா பாறைமேல் பாய் விரித்து, மரச்சீனிக் கிழங்கு சீவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"நீ அந்த சிஸ்டரு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் கேட்காத ஏற்பாடு, மாறாத சீட்டு, அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், துணி அறை, விசாரணை. அவள் கையிலிருந்த கிழங்கை முடிவுவரை சீவினாள்.

"அவரு ஒறங்குதாருண்ணு உன்னிட்ட சொன்னேன். நீ சிரிச்ச."

"அப்பம் தெரியாது அக்கா."

"எப்பம் தெரிஞ்சுது?"

"கொஞ்ச நேரத்துல."

"பொறவு இம்புட்டு வருசம் தெரிஞ்சிட்டுத்தானே இருந்த."

கத்தியைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எனக்கிட்ட சொல்லியிட்டு நீ பஸ்ஸு ஏறிப் போவ. நான் இஞ்ச கெடக்கணும். வா. அவனிட்ட வந்து சொல்லு."

கொழுந்தன் மணியன் முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். முதலிலிருந்து மறுபடி சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் இளகும் என்று நினைத்தேன். இறுகியது.

"எந்தக் கட்சிக்காரன் சொல்லி விட்டான்? அண்ணைக்கு விஷ ஊசி, விஷ ஊசிண்ணு ரெண்டு கூட்டம் இஞ்ச வந்துது. ரெண்டையும் வெரட்டினேன். நீ மூணாவது. இல்லெங்கி இவ கூட்டிட்டு வந்தாளா?"

அவர் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. நேரத்தில் சொல்லாத உண்மைக்குக் கள்ளச் சாட்சியின் முகம் வந்துவிடுகிறது. என் பக்கம் இருக்கிற ஒரே ஆவணம், நான் மறந்துவிட்டேன் என்று சொன்ன அந்த விசாரணைக் கோப்புதான். அதுவும் எனக்கு எதிர்ச்சாட்சி.

"நெசமெண்ணா எழுதித் தா. ஒப்பு போட்டுத் தா."

அவர் மனைவி உள்ளேயிருந்து காகிதமும் பேனாவும் கொண்டுவந்தாள். உரித்த தேங்காய்கள் நடுவே குந்தி உட்கார்ந்து எழுதினேன். வார்டில் பெயர் கேட்க வேண்டாம் என்ற ஏற்பாடு இருந்தது; அது மேட்ரன் சொன்னது; நான் ஒப்புக்கொண்டது. தங்கையன் இது தனக்கானதா என்று கேட்டார். பதில் சொல்லாமல் ஊசி போட்டது நான். அவர் இறந்தது அந்த ஊசியால். சன்னலாலும் காற்றாலும் இல்லை. விசாரணையில் நான் சொன்னது பொய். என் முழுப் பெயர், தகப்பனார் பெயர், நர்ஸ் பதிவு நம்பர், ஒப்பு.

மணியன் படிக்கச் சொன்னார். படித்தேன். சன்னல் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள் பொன்னம்மா. படித்தேன். மணியன் தேங்காய் உரித்த கையைத் துடைத்துக்கொண்டார்.

"இத நான் ஆபீசுல கொண்டு குடுத்தா?"

"எனக்க வேல போவும்."

"அறிஞ்சிட்டுத்தான் எழுதினியா?"

"ஆமா."

அவர் கை நீட்டினார். அதற்கு முன் பொன்னம்மா என் கையிலிருந்து காகிதத்தை எடுத்து நான்காக மடித்தாள். "இது அவனிட்ட இருக்கண்டாம்" என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு, மழைக்கோள் வைக்குது, கிழங்க வாரணும் என்று சொல்லிவிட்டுப் பாறையை நோக்கி நடந்தாள். மணியன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்; வீட்டுக்கு வரச் சொல்லிப் பிற்பாடும் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவள் போகவில்லை.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். எத்தனையோ வார்டுகள். பெயர் கேட்காமல் ஒரு சொட்டுக் கண்மருந்துகூட விட்டதில்லை. கேட்டவர்கள் கேலி செய்தார்கள். ஆபீஸுக்குத் தபால் வருகிற ஒவ்வொரு காலையும், அந்த நான்கு மடிப்புக் காகிதம் அதில் இருக்கும் என்று காத்திருந்தேன். பயந்து காத்திருந்தேன் என்பது பாதிதான் சரி. வரவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கு உரிமையில்லை. அப்படி ஒரு சொல்லை அவள் சொன்னதில்லை. தொலைத்துவிட்டாள், மழையில் நனைந்து போயிருக்கும், கரையான் தின்றிருக்கும் என்று பல தடவை எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்தில் கொஞ்சம் ஆசையும் கலந்திருந்தது என்று சந்தேகப்படுகிறேன்.

வேலையை விட்ட மறுநாள் காரோட்டுக்குப் போனேன். பொன்னம்மாவின் வாசலில் நின்று, அந்தக் காகிதம் இப்பவும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"உண்டு" என்றாள்.

காட்டவில்லை. நானும் காட்டச் சொல்லவில்லை.